ஒற்றை வாசல் ஊர்

புறப்பட்டு வாசலடிக்கு வந்துவிட்ட மனிதரை "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் உருப்படாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பால்பல் விழுமுன்னே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுகிற சங்கதி இது. பிரதீபாவும் சின்ன வயதில் ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். சைக்கிளில் ஏறப்போன அப்பா திரும்பி வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். அவர் முறைத்த முறைப்பு அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆகவே அந்த ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், பகலில் அவள் பார்த்துக்கொள்கிற சீனப் பெரியவர் மிஸ்டர் பாங் கறுப்புக் கோட்டை மாட்டி, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு "ஐ கோ" என்று சொன்னபோது, குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்ற பிரதீபா ஒன்றும் கேட்கவில்லை. "ஓகே, ஓகே" என்றாள். மனதுக்குள் "போட்டு வாங்கோ" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் முதியோர் சங்கத்து வான் வந்து கீழே நிற்கும். பெரியவர் தானே லிஃப்ற்றில் இறங்கிப்போய் ஏறிக்கொள்வார். இதிலே கேட்க என்ன கிடக்கிறது? அவருடைய காலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை, பாவி. கையில் சவர்க்காரம்.

சட்டி கழுவி, அடுப்படி துடைத்து, ஆறுதலாக ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் ரெலிபோன் அடித்தது. மிஸ்டர் பாங்கின் மகள் லிண்டா, வேலைத்தலத்திலிருந்து. குளிர் மோசமாம், சங்கத்து வான் இன்றைக்கு ஓடாதாம், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி அவருக்கு நூடில்ஸ் ஏதாவது செய்து கொடுக்கட்டாம்.

பிரதீபா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"அவர் போட்டார்," என்றாள், தனக்குத் தெரிந்த இங்கிலீசில்.

"எங்கே போனார்?"

"தெரியாது."

"எங்கே போகிறேன் என்று சொன்னார்?"

"நான் கேட்கேல்லை."

"ஏன் கேட்கவில்லை?" என்றாள் லிண்டா. கத்திக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள்.

இதற்கு என்ன மறுமொழி சொல்வது? எங்கள் ஊரில் கேட்பதில்லை என்றா? அப்படிக் கேட்டால் உன் அப்பாவின் பயணம் பிழைத்துவிடும் என்று பயந்தேன் என்றா? எந்தப் பாஷையில் சொன்னாலும் விசர்க்கதை. பிரதீபா ரெலிபோனை வைத்துவிட்டு, ஜக்கெற்றின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி ஓடினாள்.

கனடாவின் ஸ்காபரோவில் குளிர் என்றால் அன்றைக்குத்தான் குளிர். வெளியே வந்ததும் மூக்கு மயிர் விறைத்தது. ரோட்டோரத்து ஸ்னோ கல்லாகக் கிடந்தது. பஸ் நிறுத்தத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு பேர், மிஸ்டர் பாங் இல்லை. எதிர்ப்பக்கத்துச் சீனக் கடைத்தொகுதிக்குள் நுழைந்து, சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கிழவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். அவர்கள் இவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மீன்கடை, மருந்துக்கடை, வங்கி, எல்லா இடமும் பார்த்தாயிற்று. "ஓல்ட் மான், பிளாக் கோட்" என்று கண்ட கண்ட ஆட்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். அங்கே பாதிப் பேர் கறுப்புக் கோட்டோடு நின்ற கிழவர்கள்தான். கடவுளே, என்னத்துக்கு இந்தச் சோதனை?

மிஸ்டர் பாங்குக்கு எழுபத்தெட்டு வயது. ஹொங்கொங்கைச் சீனாவிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள் என்றதும், என்ன நடக்குமோ ஏது நடக்குமோ என்று லிண்டாவும் புருஷனும் கனடாவுக்கு வந்தார்கள். தாய் செத்த பிறகு தகப்பனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். வந்து ஒரு வருஷத்துக்குள் அவருக்கு மறதி தொடங்கிவிட்டது. இன்றைக்கு நல்லாக இருப்பார், நாளைக்குச் செத்த பெண்சாதியைத் தேடுவார். பகலில் ஆள் வேண்டும் என்று சொல்லிப் பிரதீபாவைப் பிடித்தார்கள். தங்கமான மனுஷன். பிரதீபா சோறு தின்னாமல் இருந்தால் கோபித்துக்கொள்வார். தன் கோப்பையிலிருந்து பெரிய இறாலை எடுத்து அவளுடைய கோப்பையில் வைப்பார். கனடாவுக்கு வந்து அவளைப் பார்த்து "சாப்பிட்டாயா" என்று முதலில் கேட்ட ஆள் அவர்தான். அப்படிப்பட்ட மனுஷனை நான் கொன்றுபோட்டேனே என்று சொல்லிச் சொல்லி நடந்தாள்.

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது லிண்டாவும் வந்துவிட்டாள், பொலிசும் வந்துவிட்டது. உயரமான ஒரு பொலிஸ்காரன் நிதானமாக விசாரித்தான். என்ன உடுப்பு? கறுப்புக் கோட், சாம்பல் தொப்பி. கையுறை? தெரியாது. சப்பாத்து? பிரதீபா கதவடியைத் திரும்பிப் பார்த்தாள். மிஸ்டர் பாங்கின் தடித்த சப்பாத்துகள் இரண்டும் ஒழுங்காக வைத்தபடியே கிடந்தன. காணாமல் போயிருந்தது வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு.

லிண்டா அந்தச் சப்பாத்தில் ஒன்றைக் கையில் எடுத்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பிரதீபா பின்வாங்கிச் சுவரோடு நின்றாள்.

"எங்கே போகிறார் என்று கேட்டீர்களா?" என்றான் பொலிஸ்காரன்.

"இல்லை."

"நேராகப் பார்த்துக்கொண்டா நின்றீர்கள்?"

"ஓம்."

அவன் ஒருமுறை அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனான். லிண்டா சீனப் பாஷையில் ஏதோ சொன்னாள். பிறகு இங்கிலீசில், "ஒரு கேள்வி, பிரதீபா. ஒரேயொரு கேள்வி. அதைக் கேட்கத்தானே உன்னை வைத்திருக்கிறேன்," என்றாள். நியாயம்தானே? அவளுடைய அப்பா. பிரதீபா சோபாவின் ஓரத்தில் குந்தி, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வெளியே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இந்த இருட்டுக்குள்ளும் குளிருக்குள்ளும் துணிச் செருப்போடு ஒரு கிழவர் எவ்வளவு நேரம் தாங்குவார்?

பொழுது சாய்கிற நேரம் என்றால் மிஸ்டர் பாங்குக்கு இருப்புக்கொள்ளாது. யன்னலடிக்குப் போவார், வருவார், மறுபடி போவார். "கேற் குளோஸ், கேற் குளோஸ்" என்று கையைப் பிசைவார். பிரதீபாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், ஊரைக் கட்டிக் காட்டியபோது விளங்கியது.

ஆமாம், கட்டித்தான் காட்டினார். சீனர்கள் மாஜோங் என்று ஒரு ஆட்டம் ஆடுவார்கள். அதற்குச் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டைகள் உண்டு. சாப்பாட்டு மேசையில் அந்தக் கட்டைகளை நாலு பக்கமும் அடுக்கி மதில் எழுப்புவார் மிஸ்டர் பாங். அவருடைய ஊர் ஹொங்கொங்கின் வடக்கே, வயல்வெளிக்கு நடுவே, சதுரமாக இருந்தது. அவர் சொன்ன ஊர்ப்பேர் பிரதீபாவின் நாக்கில் ஏறவில்லை. அவள் தன்பாட்டுக்கு "மதிலூர்" என்று பேர் வைத்துக்கொண்டாள். மதில் என்றால் எங்களுடைய வளவு மதில் மாதிரி எட்டிக் கதை கேட்கிற மதில் இல்லை. மூன்று ஆள் உயரம். செங்கல் என்றும் சொல்ல முடியாது, நிறம் சாம்பல். நாலு மூலையிலும் காவல் கோபுரம், அதிலே துவக்கு நீட்ட ஓட்டை. மதிலைச் சுற்றி அகழி. இவ்வளவு பெரிய மதிலுக்கு வாசல் ஒன்றே ஒன்று.

அந்த வாசலால் உள்ளே போனால் நேரே ஒரு ஒழுங்கை. ஒழுங்கையின் அந்தலையில், வாசலைப் பார்த்தபடி, ஊர்க் கோயில். வருகிறவன் போகிறவன் எல்லோரையும் சாமி பார்த்துக்கொண்டிருக்கும். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கிளை ஒழுங்கைகள், அவற்றில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். பணக்காரனுக்கும் ஒரே அளவு, பஞ்சைக்கும் ஒரே அளவு. மதிலோடு ஒட்டிய சுவர்களில் யன்னலே கிடையாது. ஊரில் எல்லோருக்கும் பாங் என்றுதான் குடும்பப்பேர். வேறு ஆளுக்கு உள்ளே இடமில்லை. இத்தனையையும் கட்டி முடித்து, இடது பக்கம் மூன்றாவது ஒழுங்கையின் கடைசியில், குருவிப் படம் போட்ட ஒரு கட்டையை நிமிர்த்தி வைப்பார். "மை ஹவுஸ்" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

என்னத்துக்கு இப்படியொரு கோட்டை கட்டினார்கள் என்று பிரதீபா ஒருநாள் லிண்டாவிடம் கேட்டாள். லிண்டா தகப்பன் சொல்லச் சொல்ல இங்கிலீசில் சொன்னாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னம் சீனத்துச் சக்கரவர்த்தி ஒரு கட்டளை போட்டானாம். கடலில் இருக்கிற தன் எதிரிக்குக் கரையிலிருந்து அரிசி போகக்கூடாது, ஆள் போகக்கூடாது, ஆகவே கரையோரத்துச் சனம் முழுக்க எழும்பி உள்நாட்டுக்குப் போக வேண்டும். நாள் குறித்தார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். திரும்பி வந்தவனை வெட்டினார்கள். போன சனத்தில் எத்தனையோ பேர் வழியிலே பசியில் செத்தார்கள். சில வருஷம் கழித்து, சரி, திரும்பிப் போங்கள் என்றார்கள். வந்து பார்த்தால் வயலெல்லாம் காடு. அதோடு கடற்கொள்ளைக்காரர் வேறு. இனி ஒருவனும் எங்களை எழுப்பக்கூடாது, ஒருவனும் உள்ளே வரக்கூடாது என்றுதான் மிஸ்டர் பாங்கின் முப்பாட்டன்மார் மதிலை எழுப்பினார்கள்.

லிண்டா சொல்லி முடிக்குமுன்னே பிரதீபாவுக்குக் கண்ணால் நீர் ஓடத் தொடங்கிவிட்டது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சண்டைக்குள் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை வந்து, யாழ்ப்பாணம் முழுக்க மழைக்குள் எழும்பி ஒற்றை ரோட்டால் நடந்தபோது, அவளும் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நடந்தவள். "வீ ஆல்சோ," என்று மட்டும் சொன்னாள். மிஸ்டர் பாங்குக்கு அது விளங்கியதோ இல்லையோ, அன்றைக்கு அவளுக்கு இரண்டு இறால் வைத்தார்.

பொழுது பட்டால் மதிலூரின் இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊர்த்தலைவரின் மகன் வந்து நின்று குழறினாலும் விடியும்வரை திறவார்கள். கள்ளனும் அதே மாதிரித்தானே குழறுவான்? அதுதான் மிஸ்டர் பாங்கின் அந்தரமும் தவிப்பும். கதவு சாத்துமுன்னம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு! பிரதீபா சோபாவிலிருந்து துள்ளி எழும்பினாள். மேசையில் அன்றைக்குக் கட்டிய ஊர் அப்படியே இருந்தது. அவர் ஓயாமல் போய் நிற்கிற யன்னலடிக்கு ஓடினாள். இத்தனை மாதம் இந்த வீட்டில் அவள் செய்யாத ஒன்றைச் செய்தாள். அவர் நிற்கிற இடத்தில் நின்று, அவர் பார்க்கிற பக்கம் பார்த்தாள்.

ஐயோ, ஐயோ! பத்தாம் மாடியிலிருந்து கீழே, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், மதிலூர் கிடந்தது. ரவுன் ஹவுஸ் என்று சொல்கிற தொடர்வீட்டுக் குடியிருப்பு ஒன்று. சுற்றிவர மதில், ரோட்டுப் பக்கம் ஒற்றை வாசல், வாசலிலிருந்து நேரே ஒரு பாதை, இரண்டு பக்கமும் கிளைகள், கிளைகளில் ஒரே அளவில், ஒரே அச்சில், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். மேலே ஸ்னோ மூடியிருந்ததால் கூரையின் நிறம்கூடத் தெரியவில்லை. மனுஷன் எத்தனை நாளாகத் தன் ஊரை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! பார்த்துப் பார்த்துத்தான் கட்டைகளை அடுக்கியிருக்கிறார். இது ஒருவருடைய கண்ணிலும் படவில்லையே.

"லிண்டா! அங்கே! அங்கே!" என்று யன்னலைக் குத்திக் காட்டிவிட்டு, மறுமொழிக்கு நிற்காமல் ஓடினாள். லிஃப்ற் வரவில்லை. பத்து மாடியும் படியால் இறங்கினாள். ரோட்டை எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கார்க்காரன் ஒருவன் கோர்ன் அடித்துத் தூஷணத்தில் ஏசினான். ஏசட்டும். முருகா, அந்தாளுக்கு உயிர் மட்டும் இருக்க வேணும், வேறொன்றும் கேட்கமாட்டேன், முருகா. இதையே சொல்லிச் சொல்லி ஓடினாள்.

வாசலால் நுழைந்தாள். வேலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பாத நேரம். வீடுகளெல்லாம் இருண்டு கிடந்தன. மதிலூரில் கோயில் இருக்கிற அந்தலையில் இங்கே தபால் பெட்டிகள் வரிசையாக நின்றன. இடது கைப்பக்கம் முதலாவது கிளை, இரண்டாவது கிளை, மூன்றாவது. திரும்பினாள். காலடிகள் தெரிந்தன. சப்பாத்துத் தடமில்லை, தட்டையான, இழுத்து இழுத்து நடந்த தடம். கடைசி வீட்டு வாசற்படியில் கறுப்பாக ஒரு மூட்டை இருந்தது.

மிஸ்டர் பாங் கதவில் சாய்ந்தபடி இருந்தார். தொப்பி விழுந்து கிடந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. புருவத்தில் பனி. வலது கை இன்னும் கதவைத் தட்டுவதுபோல மடங்கி மடியில் கிடந்தது, விரல் மொளியெல்லாம் தோல் உரிந்து, இரத்தம் உறைந்திருந்தது. பிரதீபா அவருடைய மூக்கடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. இருக்கிறதோ இல்லையோ என்று சொல்ல முடியாத அளவுக்கு இருந்தது.

"மிஸ்டர் பாங்! மிஸ்டர் பாங்! என்னைப் பாருங்கோ!"

கண் திறந்தது. ஆளை அறிந்தாரோ தெரியாது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவள் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவருடைய காலைச் சுற்றினாள். எழும்பிக் கதவைக் குத்தினாள். "ஹெல்ப்! ஓபின்! பிளீஸ் ஓபின்!" ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவையும் குத்தினாள், அதற்குப் பக்கத்து வீட்டையும். ஆளில்லை. திரும்பி ஓடிவந்து முதல் கதவைக் காலால் உதைத்தாள். மேல் மாடி யன்னலில் திரைச்சீலை ஆடியதைக் கண்டாள். ஆடியது, நின்றது. உள்ளே ஆள் இருக்கிறது! ஆள் இருந்துகொண்டு திறக்கவில்லை! "ஓபின் த டோர்! மான் டையிங்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அசைவே இல்லை. அவரை விட்டுவிட்டு ரெலிபோன் தேடிப் போகவும் முடியாது, தூக்கவும் முடியாது. பாறாங்கல் மாதிரிக் கனத்தார்.

பிரதீபா அவரைத் தன் மடியில் இழுத்துப் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் குழறினாள். "ஐயோ, அம்மாளாச்சி! என்ரை கையிலை சாகப்போறாரே! ஆருமில்லையோ! மனுசர் ஒருத்தரும் இல்லையோ இந்த ஊரிலை!"

பின்னால் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்து சங்கிலியில் நின்றது. அந்த இடுக்கில் ஒரு கண்.

"அக்கா... தமிழோ நீங்கள்?"

"ஓம் பிள்ளை, ஓம்! கதவைத் திற! அம்புலன்சுக்கு அடி!"

சங்கிலி கழன்றது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழந்தையை நிலத்தில் இருத்திவிட்டு ரெலிபோனுக்கு ஓடினாள், போர்வையோடு திரும்பி வந்தாள். இரண்டு பேரும் மிஸ்டர் பாங்கைக் கமக்கட்டில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். போர்த்தார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள். கால் மெழுகு மாதிரி இருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பிரதீபா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவர் கண்ணைத் திறந்து, மேலே கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அம்புலன்சும் லிண்டாவும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் மிஸ்டர் பாங்கைச் சுற்றிக் குந்தி நெஞ்சை அமத்தினார்கள், மூக்கில் எதையோ வைத்தார்கள். அதில் ஒருவன் மற்றவனை நிமிர்ந்து பார்த்த பார்வை பிரதீபாவுக்குப் பிடிக்கவில்லை. ஊரை விட்டு நடந்த அந்த ரோட்டில் அந்தப் பார்வையை அவள் கண்டிருக்கிறாள். லிண்டா தகப்பனின் உரிந்த கையைப் பிடித்துக்கொண்டு அம்புலன்சில் ஏறினாள். பிரதீபாவின் பக்கம் திரும்பவில்லை. கதவு சாத்தி, சத்தம் போட்டுக்கொண்டு, வண்டி ஒற்றை வாசலால் வெளியேறிப் போயிற்று.

பிரதீபா படியில் இருந்துவிட்டாள். அந்தப் பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். தன் பேர் ரதி என்றாள். வந்து மூன்று மாதம். புருஷன் பிறம்ரனில் வேலை, இருட்டினால்தான் வருவார்.

"அவர் தட்டினது கேட்டதோ பிள்ளை?" என்றாள் பிரதீபா. கேட்கக்கூடாது என்று நினைத்தாள், வாய் கேட்டுவிட்டது.

ரதி அழத் தொடங்கினாள். "கேட்டது அக்கா. கனநேரமாத் தட்டினவர். ஆரையும் திறந்து விடாதை எண்டு இவர் சொல்லிப்போட்டுத்தான் போறவர். நான் லைற்றை நூத்துப்போட்டு, பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டு, குளிக்கிற அறைக்குள்ளை இருந்திட்டன். அங்கை... அங்கை ஊரிலை இப்பிடித்தான் அக்கா வந்து தட்டினவங்கள். திறந்தது நான்தான். நான் திறந்தபடியால்தான் என்ரை அண்ணாவைக் கொண்டுபோனவங்கள். பிறகு ஆள் வரேல்லை."

பிரதீபா அவளைப் பார்த்தாள். உன்னால் ஒரு மனுஷன் செத்தான் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அதே வாயால் என்னாலும்தான் என்று சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. எழும்பி அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். அவள் இருந்த இடத்தில் தானிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்கள் தமிழிலை குழறினபடியால்தான் அக்கா எனக்குத் துணிவு வந்தது," என்றாள் ரதி. "அந்தாள் ஏதோ சொல்லிச் சொல்லித்தான் தட்டினவர். ஒரே சொல்லுத்தான், திருப்பித் திருப்பி. முதல்லை பெலத்துச் சொன்னார், பிறகு பிறகு மெல்லமா. ஹொய் மூன், ஹொய் மூன் எண்டு. காதுக்குள்ளையே நிக்குது. அது என்ன அக்கா?"

பிரதீபாவுக்கு அந்தச் சொல் தெரியும். மிஸ்டர் பாங் சில நாட்களில் குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வரமாட்டார். அப்போது லிண்டா வெளியே நின்று கூப்பிடுவது அதுதான். கதவைத் திற.

ரதி கண்ணைத் துடைத்துவிட்டு அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் குழந்தை தாயின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து விளையாடியது. இவள் இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும்?

"அது அவற்றை பேர் பிள்ளை," என்றாள் பிரதீபா. "தன்ரை பேரைச் சொன்னவர். ஊரிலை ஆற்றையும் வீட்டுக் கதவைத் தட்டினால் ஆள் ஆரெண்டு பேரைச் சொல்லுவினமாம். அவையின்ரை வழக்கம்."

"பேரோ? நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்." ரதி நெஞ்சில் கையை வைத்து மூச்சை விட்டாள். "அவற்றை நட்சத்திரம் தெரியுமோ அக்கா?"

"தெரியாது பிள்ளை."

"பரவாயில்லை. பேரைச் சொன்னால் ஐயர் செய்வார். நாளைக்குக் காலமை கோயிலுக்குப் போய் அவற்றை பேருக்கு ஒரு அர்ச்சனை செய்விக்கிறன். சுகமா வந்திடுவார். நீங்கள் யோசிக்காதேங்கோ அக்கா."

பிரதீபா தலையாட்டினாள். ரதி அவளுடைய ஜக்கெற்றை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். குழந்தைக்குக் குளிரும், நேரமாகிறது, ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று போன் பண்ணிச் சொல்லுங்கோ என்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். சங்கிலியையும் போட்டாள். உள்ளே ரதி அந்தப் பேர் மறந்துபோகாமல் இருக்க, குழந்தையைத் தட்டிக்கொண்டு "ஹொய் மூன், ஹொய் மூன்" என்று சொல்லிப் பழகுவது, வெளியே படியில் நின்ற பிரதீபாவுக்குக் கேட்டது.